லிடியாவுக்கு ஒரு சத்தமில்லாத பெட்டி

ஜூன் 3, திங்கள்

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் அத்தான். மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. லிடியா இப்போதுதான் தூங்கினாள். எனக்கு இப்போதுதான் இரண்டு கையும் கிடைத்தது. கப்பலில் போன் பாதியில் அறுந்துபோகிறது, அதனால் தினமும் நோட்டில் எழுதி ஞாயிற்றுக்கிழமை பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். லிடியா பெரியவளாகி இதைப் படிப்பாள் என்றும் சொன்னீர்கள். ஆகவே அவளுக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததும் நடுவில் வரும், பொறுத்துக்கொள்ளவும்.

லிடியா, உனக்கு இப்போது இரண்டு வயது ஒன்பது மாதம். பிறந்ததிலிருந்து உனக்குக் காது கேட்காது. ஏப்ரலில் மதுரையில் ஆபரேஷன் செய்து வலது காதுக்குள்ளே ஒரு கருவி வைத்தார்கள். மே இருபதாம் தேதி, வெளியே மாட்டுகிற மெஷினை ஓடவிட்டார்கள். காதுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு வயர், வயர் நுனியில் பத்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு வட்டம். அந்த வட்டம் காந்தத்தால் உன் தலையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருக்கும்வரை உனக்குச் சத்தம் உண்டு. கழற்றினால் இல்லை. அது நடந்து எட்டாம் நாள் அப்பா கப்பலுக்குப் போனார். இரண்டு மாத வேலை, லீவில் போன ஒரு இன்ஜினியருக்குப் பதிலாக.

இனி உங்களுக்கு. ஹாலில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரை இன்று நிறுத்திவிட்டேன். லிடியாவுக்குக் கேட்கவும் பேசவும் பழக்குகிற சுகந்தி மேடம் போனமுறையே சொன்னார்: பாடம் நடக்கும் அறை அமைதியாக இருக்க வேண்டும், பின்னால் இரைச்சல் இருந்தால் மெஷின் அதையும் சேர்த்துக் காதுக்குள் தள்ளும், பிள்ளைக்கு எது பேச்சு, எது இரைச்சல் என்று பிரியாது. போனில் சத்தம் அளக்கும் ஆப்பைப் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர் ஓடும்போது ஐம்பத்து நான்கு டெசிபல். நிறுத்தியதும் முப்பத்து ஒன்பது. இத்தனை நாளும் மிக்ஸியை ஓடவிட்ட மாதிரிதான் அவளுக்கு "அம்மா சொல்லு" என்று பாடம் நடத்தியிருக்கிறோம்.

புதுக் கம்ப்யூட்டர் சேர்க்க நீங்கள் வாங்கி வைத்த பாகங்கள் அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. டிவிக்குக் கீழே அலமாரியில் அடங்க வேண்டும், மூச்சுச் சத்தம்கூட வரக்கூடாது. பலமும் வேண்டும், ஏனென்றால் நீங்கள் கப்பலிலிருந்து அனுப்பும் கதை வீடியோக்களில் இன்ஜின் உறுமல்தான் பாதி. மூன்று நிமிட வீடியோவில் அந்த உறுமலை எடுக்கப் பழைய கம்ப்யூட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. நானே சேர்த்துவிடுகிறேன் என்றதற்கு அன்று சிரித்தீர்கள். சிரித்ததை எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

மெஷினை இன்று நன்றாகப் போட்டுக்கொண்டாள். இட்லி சாப்பிட்டு முடிக்கும்வரை கழற்றவே இல்லை.

ஜூன் 5, புதன்

பெட்டியைப் பிரித்தேன். உள்ளே இருந்த கையேட்டின் முதல் பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. உடம்பில் சேரும் நிலைமின்சாரம் பாகங்களைச் சுட்டுவிடும், கையில் வயர் வைத்த பட்டை கட்டிக்கொண்டுதான் தொட வேண்டும். கட்டிக்கொண்டேன், மறுமுனையை ஜன்னல் கம்பியில் மாட்டினேன். முளையில் கட்டிய ஆடு மாதிரி இருந்தேன். லிடியாவுக்கு அந்த வயர் மேல் ஒரே ஆசை. தனக்கும் கட்டச் சொல்லிக் கையை நீட்டினாள். ரிப்பன் கட்டிவிட்டேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவளுடைய மெஷினோடு வந்த கையேட்டிலும் இதே மாதிரி நான்கு வரி இருக்கிறது. பிளாஸ்டிக் சறுக்குமரம், நைலான் துணி, நிலைமின்சாரம், கழற்றி வைப்பது நல்லது என்று. இங்கே தரை முழுக்க நுரை அட்டையும் பிளாஸ்டிக் உறையும் கிடக்கின்றன. நாம் இத்தனை கோயில் ஏறி இறங்கி, இத்தனை கையெழுத்து வாங்கிப் போட்ட மெஷின். ஒரு பொறி பட்டுவிட்டால்? ஆகவே பெட்டி திறந்திருக்கும் நேரமெல்லாம் அவளுடையதைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். நான் பிஎஸ்சி பிசிக்ஸ் என்பதை இந்த வீட்டில் யாராவது ஒருவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டுமே.

கழற்றியதும் என் மடியில் வந்து படுத்துக்கொண்டாள். பகல் முழுக்கச் சிரிப்புதான்.

ஜூன் 7, வெள்ளி

ரூபி மதினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மாடிக்குப் போகாமல் நேரே இங்கே வந்தார். உங்கள் அக்காவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றுவதற்குள் மூன்று கேள்வி.

"ஏட்டி ஜெனி, இது என்ன, வீட்டுக்குள்ள கப்பல் கட்டுதியா? பிள்ளைக்கு எங்க மெஷினு?"

"ஸ்டாட்டிக் மதினி. பட்டா கெட்டுப்போவும். அதான் கழட்டி வச்சிருக்கேன்."

"எது, இந்தத் தூத்துக்குடி உப்புக்காத்துலயா? பவுடர் டப்பா தொறந்து வச்சா பத்து நிமிசத்துல கட்டியாவுது. இங்க எங்கட்டி ஸ்டாட்டிக்கு?"

மதினி கணக்கு டீச்சர். பிசிக்ஸ் அவருக்குத் தெரியாது. சொல்லவில்லை, மனதில் வைத்துக்கொண்டேன்.

மதர்போர்டைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. மதிய டிபன் பாக்ஸ் மூடி அளவுதான். அதற்குள் ஒரு ஊரே இருக்கிறது. ப்ராஸஸரை இறக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன். மூலையில் தங்க முக்கோணம், அது இருக்கும் பக்கம் பார்த்து வைக்க வேண்டும், அழுத்தக்கூடாது, தானே உட்காரும். உட்கார்ந்தது.

ஜூன் 9, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய் வந்தோம். பாட்டு ஆரம்பிக்கும்முன் மெஷினைக் கழற்றிவிட்டேன். ஆர்கன் சத்தம் ரொம்ப. இன்றுவரை உள்ள பக்கங்களை அனுப்பிவிட்டேன். அங்கே சாப்பாடு எப்படி? தயிர் கிடைக்கிறதா?

ஜூன் 11, செவ்வாய்

மூடி மூடவில்லை.

ப்ராஸஸரின் சூட்டை இழுக்க அதன் மேல் ஒரு கூலர் உட்கார வேண்டும் அல்லவா, அதை நானே பார்த்து ஆர்டர் போட்டேன். பெரியதாக இருந்தால் விசிறி மெதுவாகச் சுற்றும், மெதுவாகச் சுற்றினால் சத்தம் வராது. இந்தத் தர்க்கம் சரி. உயரத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனால் அந்த உயரம் அலுமினியத் தகட்டுக்கு மட்டுமாம். விசிறி அதற்கு மேலே தனி. பொன்ராஜ் அண்ணனின் கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். லிடியாவையும் கூட்டிக்கொண்டு. ரோட்டில் உப்பு லாரிகள் போகும் சத்தத்துக்குப் பயந்துவிடுவாள் என்று மெஷினைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அண்ணன் ஸ்கேலை எடுத்து அளந்தார். மறுபடி அளந்தார்.

"அறுபத்தாறு மில்லி எடம். ஒங்க கூலரு எழுவது. ஏம்மா, மிதிச்சு மூடுவியளோ?"

"நாலு மில்லிதானேண்ணே."

"நாலு மில்லிதான். கல்யாணச் சட்டைக்கு நாலு மில்லி கொறஞ்சா போட்டுருவாவளா உங்க வீட்டுக்காரரு? இதக் குடுங்க. தட்டையா ஒண்ணு வச்சிருக்கேன், நாப்பத்தேழு. விசிறி நல்ல பெரிசு. வெலையில வித்தியாசம் இருந்தா கிளாட்வின் தம்பி கப்பல்லருந்து வரட்டும், பேசிக்கிடலாம்."

புதுக் கூலரைச் சுற்றித் தருகிறபோது லிடியாவைப் பார்த்துக் கேட்டார். "பாப்பா காதுல மாட்டுறது எங்கம்மா, காணல?"

"சார்ஜ்ல இருக்குண்ணே."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் லாரி, இரைச்சல் என்று நீளமாகச் சொல்ல வேண்டும், அதனால்தான்.

ஜூன் 13, வியாழன்

கூலருக்கு அடியில் தடவும் பசை. பட்டாணி அளவு என்கிறார்கள். எந்த ஊர்ப் பட்டாணி என்று யாரும் சொல்வதில்லை. துடைத்துத் துடைத்து மூன்றாவது முறை சரியாக வந்தது.

ஜூன் 14, வெள்ளி

மெஷினைக் காணோம். வீடே தலைகீழானது. கட்டிலுக்கு அடியில், அரிசி டப்பாவில், குப்பைக்கூடையில் எல்லாம் தேடினேன். கடைசியில் பார்த்தால் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. தலையிலிருந்து தானே பிடுங்கி, காந்தம் என்று கண்டுபிடித்து, எட்டிய உயரத்தில் ஒட்டிவிட்டுப் பொம்மையோடு உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் மகள் இன்ஜினியர்தான். அதை அங்கிருந்து எடுத்தேன். மறுபடி மாட்டப் போனபோது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். சரி, நாளைக்கு என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

உங்கள் பதில் வந்தது. நான்கு தரம் படித்தேன். "பக்கமெல்லாம் படிச்சேன் ஜெனி, ரொம்பச் சந்தோசம். பொட்டி வேலை போக மத்த நேரம் பிள்ளை நல்லா போட்டுக்கிடுதான்னு தெரிஞ்சதும் மனசு லேசாச்சு. இங்க இன்னும் நாலு மாசம் நீட்டிக்கச் சொல்லுதாங்க. ஜூலை மூணுக்குள்ள பதில் சொல்லணும். வீட்ல எல்லாம் சரியாப் போறதால சரின்னு சொல்லிறலாம்னு பாக்கேன். நீ என்ன சொல்லுத?"

சந்தோஷம்தான். நீட்டித்தால் நவம்பர் கடைசி. கிறிஸ்மஸுக்கு வந்துவிடுவீர்கள்.

இன்று பவர் சப்ளையை மாட்டினேன். சுமை குறைவாக இருக்கும்போது இதன் விசிறி சுற்றவே சுற்றாது, அப்படி ஒரு வகை. நீங்கள் இதைத் தேடித்தேடி வாங்கியது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. ஸ்குரூ நான்கில் ஒன்று அலமாரிக்கு அடியில் உருண்டுவிட்டது. அதைத் துடைப்பக்குச்சியால் எடுக்கவே அரைமணி நேரம். எடுத்த பிறகு கொஞ்ச நேரம் தரையிலேயே படுத்துக் கிடந்தேன். தரை குளிர்ச்சியாக இருந்தது. லிடியா என் மேல் ஏறி உட்கார்ந்து குதிரை ஓட்டினாள்.

ஜூன் 18, செவ்வாய்

வயர்களை மடக்கி உள்ளே அடக்குவது சேலைக் கொசுவம் மாதிரி. முதலில் சரியாக எடுத்துவிட்டால் பிறகு தானே நிற்கும். இரண்டு முறை பிரித்து மறுபடி செய்தேன். அவசரம் ஒன்றுமில்லை.

மதினி வாசலிலிருந்தே கேட்டார். "இன்னுமா முடியல? பொன்ராஜு ஒரு மத்தியானத்துல சேத்துருவான்."

"சத்தம் வராம சேக்கணும் மதினி."

"ஆமாமா. வீட்ல சத்தமே இல்லதான்."

ஜூன் 21, வெள்ளி

மே இருபதாம் தேதியைப் பற்றி நாம் பேசிக்கொள்ளவே இல்லை அத்தான். மெஷினை முதலில் ஓடவிட்ட நேரம். நீங்கள் போனைத் தூக்கிப் பிடித்து அவள் முகத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தீர்கள். எல்லாருடைய வீடியோவிலும் பிள்ளை கண்ணை விரித்துச் சிரிக்கும். இவள் வீறிட்டாள். உங்களையோ மேடத்தையோ பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கத்தினாள், நான்தான் அதைச் செய்தேன் என்கிற மாதிரி. ஒன்றரை வயது வரை "நம்ம குடும்பத்துல எல்லாரும் தாமதமாத்தான் பேசுவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்ததும் நான்தான். தட்டு விழுந்தால் அவள் திரும்பவில்லை என்று நீங்கள் இரண்டு தரம் சொன்னீர்கள். விளையாட்டு மும்முரம் என்றேன்.

இதை எழுதி என்ன. அடித்துவிடலாமா என்று பார்த்தேன். ஞாயிறுக்குள் முடிவு செய்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் தவிர மற்றவற்றை அனுப்பினேன். நீட்டிப்பது பற்றி நீங்கள் கேட்டதற்கு "உங்கள் இஷ்டம்" என்று எழுதினேன். மெஷின் விஷயம் நன்றாகப் போகிறது.

ஜூன் 26, புதன்

நாளை மதுரை. மெஷினின் ஒலி அளவைச் சரிபார்க்க வேண்டும். ஐந்து மணி பஸ். பையை மூன்று முறை எடுத்து வைத்தேன். எனக்கு ஒன்றும் பயமில்லை.

ஜூன் 27, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சுகந்தி மேடம் லிடியாவின் மெஷினைக் கழற்றி ஒரு வயரில் மாட்டி அவருடைய கம்ப்யூட்டரோடு இணைத்தார். திரையில் குட்டையும் நெட்டையுமாகப் பட்டைகள் வந்தன. எல்லாமே குட்டை.

"இது என்ன மேடம்?"

"தினமும் எத்தன மணி நேரம் பிள்ளை தலையில இருந்துச்சுன்னு மெஷினே எழுதி வச்சுக்கிரும்மா. ஆன் பண்ணுன அன்னைக்கே சொன்னேனே."

சொல்லியிருப்பார். அன்றைக்கு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. நான் எழுதியதுபோலவே அந்த மெஷினும் தினமும் நாட்குறிப்பு எழுதியிருக்கிறது அத்தான். அதில் எல்லாம் சரியாக இருக்கிறது.

"சராசரி ரெண்டு மணி பத்து நிமிஷம் வருதும்மா. அதுலயும் பேச்சு கேட்ட நேரம் ஒரு நாளைக்கு முப்பத்தாறு நிமிஷந்தான். முழிச்சிருக்க நேரமெல்லாம் போடணும். பத்து மணி நேரமாவது. பகல்ல பாப்பா என்ன பண்றா?"

"எங்கூடத்தான் இருக்கா மேடம். நான் கம்ப்யூட்டர் சேத்துக்கிட்டு இருக்கேன். அதுல ஸ்டாட்டிக் வரும்னு..." கையேட்டின் நான்கு வரியைச் சொன்னேன். பிளாஸ்டிக் உறையைச் சொன்னேன். கையில் கட்டும் பட்டையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கேட்க ஆரம்பித்தது.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அது பிளாஸ்டிக் சறுக்குல சறுக்குற நேரத்துக்குச் சொன்னதும்மா. பயமா இருந்தா மெஷினத் தொடுறதுக்கு முன்னாடி பிள்ளையத் தொட்டுக்கங்க, அது போதும். கம்ப்யூட்டர் இருக்க வீட்ல பிள்ளைக்கு மெஷினே போடக்கூடாதுன்னு எங்கயும் எழுதலயே. யாருக்கு அந்தக் கம்ப்யூட்டர்?"

"இவளுக்குத்தான். சத்தமில்லாம இருக்கணும்னு. இவளுக்குக் கேக்கணும்னு."

லிடியா மேடத்தின் மேஜையில் இருந்த மர வளையங்களைக் குச்சியில் கோத்துக்கொண்டிருந்தாள்.

"போட்டா அழுகுறாளா?" என்று கேட்டார்.

"அழுவா மேடம். தலையை மூடிக்கிடுவா. நான் கழட்டினதும் வந்து கட்டிப்பிடிச்சுக்கிடுவா."

"அது யாருக்குத்தாம்மா நல்லா இருக்காது?" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. ஒலி அளவைக் கொஞ்சம் குறைத்துத் தந்தார், மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம் என்று. தலையில் நிற்க ஒரு துணிப்பட்டை கொடுத்தார், மஞ்சள் நிறம். "ஸ்கிரீன்ல வந்த பட்டையப் பாத்து ஒங்களுக்குள்ள குத்தம் கண்டுபிடிக்க வேணாம். பிடுங்குனா நூறு எண்ணி மறுபடி போடுங்க. கத்துவா. போடுங்க. அடுத்த மாசம் பாப்போம்."

பஸ்ஸில் வரும்போது எட்டயபுரம் தாண்டும்வரை லிடியா பிடுங்கிக்கொண்டே இருந்தாள். நான் எண்ணி எண்ணிப் போட்டுக்கொண்டே இருந்தேன். முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்த்து, "பிள்ளைய ஏம்மா இந்தப் பாடு படுத்துத?" என்று கேட்டார். காது கேட்காத பிள்ளைங்கம்மா, கேட்கப் பழக்குறேன் என்று சொன்னேன். வெளியாள் ஒருவரிடம் இதை நான் சத்தமாகச் சொன்னது இதுதான் முதல்முறை.

ஜூன் 28, வெள்ளி

நான்கு மணி இருபது நிமிடம். கடிகாரம் பார்த்து எழுதுகிறேன். பதினேழு முறை பிடுங்கினாள். ஒருமுறை என் கையைக் கடித்தாள். பல் பதிந்திருக்கிறது. மத்தியானம் அவளோடு சேர்ந்து நானும் அழுதேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என் கண்ணைத் தன் கவுனால் துடைத்தாள். துடைக்கும்போது மெஷின் தலையில்தான் இருந்தது.

மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இப்பவாவது சொன்னியே" என்று மட்டும் சொல்லிவிட்டு இரவுக்குத் தோசை மாவு கொடுத்தனுப்பினார். உங்கள் அக்காவுக்கு இப்படியும் ஒரு முகம் இருக்கிறது.

ஜூன் 29, சனி

இன்று பெட்டியை முடித்தேன். லிடியாவுக்கு மெஷின் போட்டபடியே. ஹால் நடுவில் பாயை விரித்து, அவளைப் பக்கத்தில் உட்கார்த்தி, தட்டில் கொஞ்சம் பொரி போட்டுக் கொடுத்தேன். மதினிக்கு லீவு, அவரும் வந்து சோபாவில் காலை நீட்டிக்கொண்டார்.

சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் இல்லை. டிவி கறுப்பாகவே இருந்தது.

"புகையாச்சும் வருதா?" என்றார் மதினி.

பொன்ராஜ் அண்ணனுக்குப் போன் செய்தேன். ப்ராஸஸருக்குப் போகும் தனி வயரை மாட்டினியளா என்று கேட்டார். மாட்டவில்லை. அதை மடித்து அழகாகக் கட்டி உள்ளே ஒளித்து வைத்திருக்கிறேன். "மாட்டிட்டு, பெட்டியோட ஒரு குட்டி ஸ்பீக்கர் வந்திருக்கும் பாருங்க, நகத்தளவு, அதையும் போர்டுல குத்திருங்க. எல்லாம் சரியா இருந்தா ஒரே ஒரு பீப்பு அடிக்கும். கோளாறுன்னா நாலஞ்சு அடிக்கும். எனக்குப் போன்லயே சொல்லிறலாம்" என்றார்.

குத்தினேன். சுவிட்சைத் தட்டினேன். பீப்.

ஒரே ஒரு பீப்தான். டிவியில் எழுத்துகள் வந்தன. நான் அதைப் பார்த்துக் கைதட்டப் போனேன். மதினி என் தோளை அழுத்திப் பிடித்தார். "ஜெனி. பிள்ளையப் பாரு."

லிடியா மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். வாய் பாதி திறந்திருந்தது. உதட்டில் ஒரு பொரி. கண் மட்டும் இங்கும் அங்கும் போனது.

கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டேன். பீப். இந்த முறை தலை திரும்பியது.

"கேக்குதுட்டி!" என்று மதினி எழுந்துவிட்டார்.

"சும்மா இருங்க மதினி. லைட்டப் பாத்திருப்பா. சுவிட்சு பக்கத்துல நீல லைட்டு எரியுதுல்லா."

ஒரு மாதமாக என்னை நானே ஏமாற்றியவள் இதையும் நம்பிவிடக் கூடாது என்று தோன்றியது. லைட்டின் மேல் பேண்டேஜ் ஒட்டினேன். டிவியை அணைத்தேன். லிடியாவைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்த்தி, மதினியை அவள் முன்னால் பொம்மையோடு உட்கார வைத்தேன். நான் பின்னாலிருந்து, அவள் எதிர்பார்க்காத இடைவெளியில் போட்டேன். குட்டி ஸ்பீக்கரைப் பிடுங்கிவிட்டும் போட்டேன், அப்போது திரும்பவில்லை. மறுபடி குத்தியபோது திரும்பினாள். மெஷினைக் கழற்றிவிட்டுப் போட்டேன், திரும்பவில்லை. பதினோரு தரம் பீப் அடித்ததில் ஏழு தரம் திரும்பினாள். எட்டாவதாக வந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை, மதினி கண்ணைக் காட்டிவிட்டார்.

"புதுக் கம்ப்யூட்டர இப்பிடித் தட்டுனா நாளைக்கே வெலைக்குப் போட்டுற வேண்டியதுதான்" என்றார் மதினி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

அதற்குள் லிடியா எழுந்து வந்து பெட்டிக்கு முன்னால் குந்திவிட்டாள். நான் எங்கே விரலை வைக்கிறேன் என்று பார்த்திருக்கிறாள். அவளே தட்டினாள். பீப். எங்கள் இருவரையும் பார்த்தாள். நாங்கள் அழுதுகொண்டிருந்ததால் பயந்துபோய் வாயைப் பிதுக்கினாள். சிரித்துக் காட்டினோம். மறுபடி தட்டினாள்.

மேடத்துக்கு எழுதினேன். "ஏழு போதும்மா. இனி நிறுத்துங்க, பிள்ளைக்கு அலுத்துப்போயிரும். தட்டு, தண்ணி, கதவு, உங்க குரல்னு போங்க" என்று பதில் வந்தது.

பெட்டி ஓடும்போது ஹாலை அளந்தேன். முப்பத்து ஒன்பது. நிறுத்தியபோதும் முப்பத்து ஒன்பது. நீங்கள் வாங்கியவை எல்லாம் நல்ல சாமான். உங்கள் மூன்று நிமிடக் கதையிலிருந்து இன்ஜின் உறுமலை எடுக்க நாற்பது விநாடி ஆனது.

இன்று ஆறு மணி ஐம்பது நிமிடம்.

ஜூன் 30, ஞாயிறு

இன்று எழுதுவதை இப்போதே, இந்தப் பகலிலேயே அனுப்பிவிடப் போகிறேன். இருபத்தோராம் தேதிப் பக்கத்தையும் சேர்த்து.

காலையில் உங்கள் நண்டுக் கதையை டிவியில் போட்டேன். உறுமல் இல்லாமல் உங்கள் குரல் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. நான் எதிர்பார்க்கவில்லை, கொஞ்சம் ஆடிப்போனேன். லிடியா திரும்பவில்லை அத்தான். அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தபோது மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் இல்லை. பிறகு தற்செயலாகத் திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் டிவியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். குரல் கேட்கவில்லையா, கேட்டும் அது அப்பா என்று தெரியவில்லையா, எனக்குத் தெரியாது. பீப் என்பது ஒரு சத்தம், அவ்வளவுதான், குரல் மனுஷக் குரலாகப் புரிய மாதக்கணக்கில் ஆகும் என்று மேடம் சொல்கிறார். தினமும் பத்து மணி நேரம் போட்டால்.

திரும்பினாள் என்று எழுதியிருக்கலாம். போன வாரமாக இருந்தால் எழுதியிருப்பேன்.

முந்திய பக்கங்களில் "நன்றாகப் போட்டுக்கொண்டாள்" என்று எழுதிய இடங்களையெல்லாம் அடித்துவிடுங்கள். அவை உண்மையில்லை. அவள் அழுவதைப் பார்க்க முடியாமல் நான் கழற்றினேன். கழற்றுவதற்குக் காரணம் வேண்டுமென்று பெட்டியை மூன்று வாரம் திறந்தே வைத்திருந்தேன். ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும் வேலை. அந்தப் பக்கங்களைப் படித்துத்தான் நீங்கள் இன்னும் நாலு மாசம் இருக்கலாம் என்று நினைத்தீர்கள். "உங்கள் இஷ்டம்" என்று எழுதியதும் பொய்தான்.

கோபம் வந்தால் திட்டுங்கள். ஆனால் மூன்றாம் தேதி கம்பெனிக்குச் சொல்லும்போது பழைய பக்கங்களை வைத்துச் சொல்லாதீர்கள். என்னால் முடியாது என்று இல்லை. முடிகிறது, நேற்று முடிந்தது. இன்று இதுவரை ஐந்து மணி நேரம், இதோ என் காலடியில் உட்கார்ந்து மஞ்சள் பட்டையோடு செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் நூறு எண்ணும்போது பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். நான் ஐம்பது எண்ணுகிறேன், நீங்கள் ஐம்பது எண்ணுங்கள். ஜூலை கடைசியில் இறங்கிவிடுங்கள் அத்தான். வாருங்கள்.

நாளை திங்களுக்குள் உங்களுக்குச் சிக்னல் கிடைக்கும் என்று நினைக்கிறேன். நீளமாக வேண்டாம். வருகிறீர்களா இல்லையா என்று மட்டும் எழுதினால் போதும். படித்ததும் சீக்கிரம் பதில் போடுங்கள்.

ஜெனிட்டா